ஆயர் ஈத்தாம் என்றொரு கோப்புறையும் நான்கு ஷெல்களும்

ஷெல் என்பது ஒரு நிரல்தான். பயனர் தட்டச்சு செய்யும் வரியை வாங்கி, அதைச் சொற்களாகப் பிரித்து, அதில் சொல்லப்பட்ட நிரலைத் தேடிப் பிடித்து ஓடவிடுவதும், அது முடிந்ததும் அடுத்த வரிக்காகக் காத்திருப்பதும் அதன் வேலை. கறுப்புச் சாளரத்தைத் திறந்து கட்டளை அடிப்பவர்களில் பலர் அந்தச் சாளரமே ஷெல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாளரத்தின் பெயர் டெர்மினல். எழுத்துகளைத் திரையில் வரைவதும் விசை அழுத்தங்களை உள்ளே அனுப்புவதும் மட்டுமே அதன் பொறுப்பு. உள்ளே இருந்து பதில் சொல்வது ஷெல். ஒரே டெர்மினலில் இன்று ஒரு ஷெல்லையும் நாளை வேறொன்றையும் ஓட்டலாம். எதை ஓட்டுவது என்ற கேள்வியே இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

யுனிக்ஸின் முதல் ஷெல்லை கென் தாம்ப்சன் 1971-இல் எழுதினார். 1979-இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. கட்டளைகளைத் தொகுத்து எழுதிய கோப்புகளான ஸ்கிரிப்டுகளில் இன்றைக்கும் புழங்கும் இலக்கணத்தின் வேர் அதுவே. குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் அதை ஒட்டி எழுதிய பாஷ், லினக்ஸ் பரவிய இடமெல்லாம் கூடவே பரவியது. 1990-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் பால் ஃபால்ஸ்டாட் இசட்-ஷெல்லை எழுதினார். அங்கே அப்போது கற்பித்துக்கொண்டிருந்த ஜோங் ஷாவ் என்பவரின் கணக்குப் பெயர்தான் அதற்கு வாய்த்தது. ஆக்சல் லில்யென்க்ராண்ட்ஸ் 2005-இல் வெளியிட்ட ஃபிஷ், போர்ன் வழியைக் கைவிட்டு, மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்வதற்கென்றே அமைந்தது. இந்த மூன்றோடு டாஷ் என்ற சிறிய ஷெல்லையும் சேர்த்துக்கொண்டால், லினக்ஸிலும் மேக்கிலும் சாதாரணப் பயனர் எதிர்கொள்ளப்போகிறவை அனைத்தும் வந்துவிடும். சி-ஷெல், கார்ன்-ஷெல் ஆகியவற்றுக்கு வரலாற்றில் பெரிய இடம் உண்டு; புதிதாகத் தேர்ந்தெடுப்பவருக்கு அவை தேவையில்லை.

பலருக்கு இந்தத் தேர்வை இயங்குதளமே செய்து கொடுத்துவிடுகிறது. உபுண்டுவில் கணக்குத் தொடங்கினால் கிடைப்பது பாஷ். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் இசட்-ஷெல். மேக்கில் பாஷும் இருக்கிறது, ஆனால் அது 2006-இல் தொடங்கிய 3.2 வரிசை. அதற்குப் பின் வந்த பாஷ் பதிப்புகள் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தின் கீழ் வெளிவருவதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. உபுண்டுவில் ஓடும் பாஷ் ஸ்கிரிப்ட் மேக்கில் தடுக்கி விழுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பதிப்பு இடைவெளிதான் காரணம். விண்டோஸில் பழைய கமாண்ட் பிராம்ப்டும் பவர்ஷெல்லும் உள்ளன. 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை நிறுவி பாஷையும் ஓட்டலாம்.

ஷெல்களைப் பற்றிய பொதுவான ஒப்பீடுகள் வண்ணங்களையும் அலங்காரப் பிராம்ப்டுகளையும் எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவருக்கு அவை போதா. மலேசியாவின் பினாங்கில் உள்ள ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் மடிக்கணினியில் புகைப்படங்கள் இடம்வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கெக் லோக் சி ஆலயத்தில் எடுத்தவை ‘ஆயர் ஈத்தாம்’ என்ற கோப்புறையில். 1923 முதல் அடிவாரத்திலிருந்து ரயில் ஏறும் மலையில் எடுத்தவை ‘கொடிமலை’யில். தைப்பூசத்துக்கு எடுத்தவை ‘தண்ணீர்மலை’யில். இந்த மூன்று பெயர்களை வைத்தே ஷெல்களின் குணத்தை ஏறக்குறைய முழுதாகச் சோதித்துவிடலாம்.

முதல் சோதனை, ஆயர் என்பதற்கும் ஈத்தாம் என்பதற்கும் நடுவில் உள்ள வெற்றிடம். எல்லா ஷெல்களும் வரியைச் சொற்களாகப் பிரிப்பது வெற்றிடத்தை வைத்துத்தான். ஆகவே அந்தப் பெயரை நேரடியாக அடிக்கும்போது எந்த ஷெல்லானாலும் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும், அல்லது வெற்றிடத்துக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். இதில் நால்வரும் ஒன்று. பெயரை ஒரு மாறியில் இட்டு, பிறகு $ குறியோடு அந்த மாறியை அழைக்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. பாஷும் டாஷும் மாறியின் மதிப்பை எடுத்து வைத்தபின் அதை மறுபடி ஒருமுறை வெற்றிடத்தில் வெட்டுகின்றன. அழிக்கும் கட்டளையான ஆர்எம்முக்கு, கோப்புறைகளையும் அழிக்கச் சொல்லும் -r தெரிவோடு இப்படிக் கொடுத்தால், ‘ஆயர்’ என்ற ஒன்றையும் ‘ஈத்தாம்’ என்ற ஒன்றையும் அழிக்கச் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால் பிழைச்செய்தியோடு போய்விடும். தற்செயலாக ‘ஆயர்’ என்று வேறொரு கோப்புறை இருந்தால், எவரும் கேட்காத அந்தக் கோப்புறை போய்விடும். அழிய வேண்டியது அப்படியே இருக்கும். கட்டளை வரியில் குப்பைத்தொட்டி கிடையாது என்பதால் போனது போனதுதான்.

இசட்-ஷெல்லும் ஃபிஷும் மாறியின் மதிப்பை இப்படி மறுபடி வெட்டுவதில்லை. மாறியில் ‘ஆயர் ஈத்தாம்’ இருந்தால் அது ஒரே சொல்தான். பாஷில் இதே பாதுகாப்பு வேண்டுமானால் மாறியை ஒவ்வொரு முறையும் இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். பாஷில் எழுதுகிறவர் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டிய வழக்கம் இது. மேற்கோளே போடாமல் எழுதப்பட்ட பாஷ் ஸ்கிரிப்டுகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. வெற்றிடமுள்ள பெயர் வராதவரை அவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

நட்சத்திரக் குறியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘ஆயர்’ என்று அடித்து அதை ஒட்டி * போட்டால், ஆயரில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் ஷெல் தேடி எடுத்து வரியில் நிரப்பும். எதுவுமே பொருந்தாதபோது என்ன செய்வது? பாஷ் அந்த நட்சத்திரத்தை அப்படியே நிரலுக்கு அனுப்பிவிடும். அந்த நிரல் நட்சத்திரத்தையே ஒரு பெயராக எண்ணிக் குழம்பும். இசட்-ஷெல்லும் ஃபிஷும் எதுவும் பொருந்தவில்லை என்று சொல்லி, கட்டளையை ஓட்டாமலே நிறுத்திவிடும். பின்னதுதான் பத்திரமானது. ஆனால் இசட்-ஷெல்லில் இதற்கு ஒரு விலை உண்டு. கேள்விக்குறியும் அதற்கு ஒற்றை எழுத்துக்கான பதிலிக் குறி. காணொளி இணைப்புகளில் கேள்விக்குறி வராமல் இருப்பது அபூர்வம். இணைப்பை மேற்கோள் இல்லாமல் ஒட்டினால் பொருத்தம் இல்லை என்று முரண்டு பிடிக்கும். பாஷில் அந்தக் கேள்விக்குறி தப்பித்துவிடும், ஆனால் அதே இணைப்பில் & இருந்தால் அங்கே கட்டளை முடிந்ததாகக் கொண்டு பின்னணியில் ஓடத் தொடங்கிவிடும். இணைப்பு எதுவானாலும் மேற்கோளுக்குள் ஒட்டுவதே இதற்கு ஒரே மருந்து.

இரண்டாவது சோதனை எழுத்துகள். ஆயர் ஈத்தாம் என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஆ, ய, ர், ஈ, த், தா, ம் என்று தமிழ் படித்த குழந்தை ஏழு சொல்லும். வெற்றிடத்தையும் சேர்த்தால் எட்டு. ஒரு மாறியில் இந்தப் பெயரை இட்டு அதன் நீளத்தைக் கேட்டால் பாஷும் இசட்-ஷெல்லும் 12 என்கின்றன. யுனிகோடில் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனிக் குறியெண்கள் இருப்பதால், ர் என்பது அவற்றுக்கு இரண்டு. உபுண்டு 24.04-உடன் வரும் டாஷிடம் கேட்டால் 34 என்று பதில் வரும். அது எழுத்தையே பார்ப்பதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு, வெற்றிடம் ஒன்று. ஃபிஷும் பாஷைப் போல 12 என்றே சொல்கிறது. தமிழ்க் கணக்குப்படி எட்டு என்று சொல்லும் ஷெல் இந்த நான்கில் ஒன்றும் இல்லை.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. பெயரின் முதல் மூன்றை மட்டும் வெட்டி எடு என்று பாஷிடம் சொன்னால் ‘ஆயர’ என்று, புள்ளி போன பெயராகத் தரும். நீண்ட பெயர்களைச் சுருக்கும் ஸ்கிரிப்டுகள் தமிழில் அலங்கோலமான பெயர்களை உண்டாக்குவது இப்படித்தான். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் கோப்பு முறைமை, ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் வரை மட்டுமே இடம் தருகிறது. தமிழில் அது 85 குறியெண்கள். ஒரு முழு வாக்கியத்தைப் பெயராக வைப்பவர் சீக்கிரமே சுவரில் முட்டுவார்.

‘கொடிமலை’ இன்னும் நுட்பமான தொல்லை தரும். கொ என்பதை யுனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியெண், அல்லது ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. முதல் வகையில் ‘கொடிமலை’ 21 பைட்டு, இரண்டாவதில் 24. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இரண்டாவது வகையாக உடைத்தே சேமித்து வந்தது. லினக்ஸ் எதையும் மாற்றாமல் வந்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே பழைய மேக்கிலிருந்து ஒரு வட்டில் வந்த ‘கொடிமலை’யும், லினக்ஸில் புதிதாக உண்டாக்கிய ‘கொடிமலை’யும் ஒரே இடத்தில் அருகருகே இரண்டு கோப்புறைகளாக நிற்கலாம். விசைப்பலகையில் பெயரை அடித்தால் ஒன்று திறக்கும், மற்றது அப்படி ஒன்று இல்லை என்று பொய் சொல்வதுபோல் இருக்கும். இதை எந்த ஷெல்லும் தானாகத் தீர்த்து வைப்பதில்லை. பெயரை அடிக்காமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான் வழி.

ஆகவே தமிழ்ப் பயனருக்கு உண்மையில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம், பெயரை நிரப்பித் தரும் டேப் விசை. கட்டளைகள் ஆங்கில எழுத்தில், கோப்புப் பெயர்கள் தமிழில் என்பதால் ஒரே வரிக்குள் விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்க வேண்டியிருக்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அடித்தாலும், மலேசியாவில் முரசு அஞ்சலால் பரவலான ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தாலும் இந்தச் சங்கடம் ஒன்றுதான். டேப் விசை இதிலிருந்து எவ்வளவு விடுதலை தருகிறது என்பதில் ஷெல்கள் வெகுவாக வேறுபடுகின்றன. பாஷில் டேப்பை இருமுறை தட்டினால் மூன்று கோப்புறைப் பெயர்களையும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். தேர்ந்தெடுக்க, முதல் எழுத்தையாவது தமிழில் அடித்தே ஆக வேண்டும். ஃபிஷில் டேப் அடித்ததும் பட்டியல் விரியும், அம்புக்குறி விசைகளால் நகர்ந்து ‘தண்ணீர்மலை’யில் நின்று உள்ளிடு விசையைத் தட்டினால் போதும். ஒரு தமிழ் எழுத்தும் அடிக்க வேண்டியதில்லை. வெற்றிடமுள்ள பெயரானால் வேண்டிய பின்சாய்கோட்டையும் அதுவே போட்டுக்கொள்ளும். கொடிமலைச் சிக்கலும் இந்த வழியில் வராது, ஏனென்றால் வட்டில் உள்ள பைட்டுகள் அப்படியே வரிக்கு வருகின்றன.

இசட்-ஷெல்லிலும் இதே வசதி உண்டு. அமைவுக் கோப்பில் அதற்கான சில வரிகளை எழுதினால் கிடைக்கும். பாஷில் அம்புக்குறியால் தேர்ந்தெடுக்கும் பட்டியல் கிடைக்காவிட்டாலும், ‘மெனு-கம்ப்ளீட்’ என்ற செயலை டேப்போடு இணைத்துவிட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயராக வரிசையாக வந்துபோகும். பெரும்பாலான பாஷ் பயனர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கட்டளைகளுக்கே தமிழ்ப் பெயர் வைக்கும் வசதியும் பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ் ஆகிய மூன்றிலும் உள்ளது. பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு ‘பட்டியல்’ என்று மாற்றுப்பெயர் கொடுத்தால் அது மறுப்பின்றி வேலை செய்யும். பாஷில் மாறிகளின் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் இருந்தாக வேண்டும். விசைப்பலகை தமிழில் இருக்கும்போது ஒரு கட்டளைக்காக மட்டும் மாற்றும் வேலையை இந்த மாற்றுப்பெயர்கள் மிச்சப்படுத்தும். அடிக்கடி பயன்படும் ஐந்தாறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திரையில் தமிழ் எழுத்து நசுங்கியோ, கொம்பு பிரிந்தோ, சுட்டி தவறான இடத்திலோ தெரிந்தால் அதற்கு ஷெல்லைக் குறை சொல்வது முழு நியாயமல்ல. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலமுள்ள கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது. தமிழ் எழுத்துகளோ ட போல ஒடுக்கமாகவும் ணை போல அகலமாகவும் இருக்கின்றன. ஒரு பெயர் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று ஷெல் போடும் கணக்கும் டெர்மினல் போடும் கணக்கும் ஒத்துப்போகாதபோது சுட்டி தடுமாறுகிறது. மேக்கில் உள்ள தமிழ் சங்கம் எம்என், இணைமதி ஆகிய எழுத்துருக்களை வடிவமைத்தவர் மலேசியரான முத்து நெடுமாறன். எம்என் என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. நல்ல எழுத்துரு இருந்தும் கட்டக் கணக்கு தவறினால் வரி தவறாகவே தெரியும். ஷெல்லை மாற்றுவதற்கு முன் டெர்மினலை மாற்றிப் பார்ப்பது இங்கே புத்திசாலித்தனம்.

அன்றாடப் புழக்கத்தில் அடுத்து முக்கியமானது, அடித்த கட்டளைகளின் நினைவு. ஃபிஷ், இரண்டு எழுத்து அடித்ததுமே முன்பு அடித்த வரியை மங்கலான நிறத்தில் காட்டும். வலது அம்புக்குறியைத் தட்டினால் முழு வரியும் வந்துவிடும். இல்லாத கட்டளையை அடித்தால் உள்ளிடு விசையைத் தட்டுமுன்னே அது சிவப்பாகத் தெரியும். இவற்றுக்கு எதையும் நிறுவவோ அமைக்கவோ வேண்டியதில்லை. பாஷில் கண்ட்ரோல் விசையோடு ஆர் தட்டி பழைய வரிகளைத் தேடலாம். ஆனால் எதையும் மாற்றாத பாஷ் 500 வரிகளையே நினைவில் வைத்திருக்கும். இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்தால் கடைசியாக மூடியது மற்றதன் வரலாற்றை அழித்து எழுதிவிடும். உபுண்டு தன் அமைவுக் கோப்பில் இந்த இரண்டையும் சற்றுச் சரிசெய்தே தருகிறது. கடவுச்சொல் உள்ள வரியை வரலாற்றில் சேரவிடக் கூடாது என்றால் முதலில் ஒரு வெற்றிடம் விட்டு அடிக்க வேண்டும். உபுண்டுவின் பாஷிலும் ஃபிஷிலும் அப்படித் தொடங்கும் வரி கோப்பில் பதிவாவதில்லை.

இசட்-ஷெல்லை எடுப்பவர்கள் பெரும்பாலும் 2009-இல் ராபி ரசல் தொடங்கிய ‘ஓ மை இசட்-ஷெல்’ தொகுப்பையும் கூடவே எடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான துணைநிரல்களும் தோற்றங்களும் அதில் உண்டு. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் இயக்கிவிட்டால் ஒவ்வொரு சாளரமும் திறப்பதற்குள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாமதமாகும். மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இசட்-ஷெல்லின் உண்மையான பலம் அலங்காரத்தில் இல்லை. பாஷில் பழகிய கை பெரிதாக எதையும் மறக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம்.

ஃபிஷில் அந்த வசதி இல்லை. இணையத்திலோ புத்தகத்திலோ உள்ள பாஷ் வரியை ஒட்டினால் ஒற்றை வரிகள் இப்போது பெரும்பாலும் ஓடிவிடும்; && குறியை 2018-இலும், பாஷ் பாணியில் ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றுக்குள் இடும் எழுத்துமுறையை 2022-இலும் ஃபிஷ் ஏற்றுக்கொண்டது. சுழற்சிகளும் நிபந்தனைகளும் உள்ள பல வரித் துண்டுகள் ஓடா. அவற்றை ஒட்ட வேண்டுமானால் முதலில் பாஷ் என்று அடித்து உள்ளே போய், வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடலாம்.

தட்டச்சுக்கு ஒரு ஷெல், ஸ்கிரிப்டுக்கு வேறொரு ஷெல் என்று பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி காணாமல் போகும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் # குறியும் ஆச்சரியக்குறியும் இட்டு எந்த ஷெல் அதை ஓட்ட வேண்டும் என்று எழுதிவிட்டால், பயனர் எந்த ஷெல்லில் உட்கார்ந்திருந்தாலும் அதுவே ஓட்டும். உபுண்டு இதைத்தான் செய்கிறது. 2006-இல் வந்த 6.10 பதிப்பில், கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளை பாஷிடமிருந்து எடுத்து டாஷிடம் கொடுத்தார்கள். பயனருக்கு பாஷையே விட்டுவைத்தார்கள். டாஷ் சிறியது, வேகமானது. டேப் நிரப்புதல் போன்ற சொகுசுகளை அதில் எதிர்பார்க்க முடியாது. அந்த மாற்றத்தின்போது, ‘எஸ்எச்’ என்ற பொது ஷெல்லுக்கு எழுதியதாகச் சொல்லிக்கொண்டே பாஷின் தனி இலக்கணத்தைப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகள் பல உடைந்தன. 2011-இல் டெபியனும் அதே வழியில் வந்தது. 2014 செப்டம்பரில் ‘ஷெல்ஷாக்’ என்ற பாதுகாப்பு ஓட்டை பாஷில் வெளிப்பட்டபோது இந்தப் பிரிவினையின் இன்னொரு பலன் தெரிந்தது. 1989 முதல் உள்ளே இருந்த அந்தப் பிழையை ஸ்டீபான் ஷாஸெலா கண்டுபிடித்தார். பொது ஷெல்லாக டாஷை வைத்திருந்த கணினிகளில் தாக்குதலுக்கான பல வழிகள் திறக்கவே இல்லை.

விண்டோஸ்காரர்களுக்கு பவர்ஷெல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜெஃப்ரி ஸ்னோவர் வடிவமைத்து 2006-இல் வந்த இந்த ஷெல், நிரல்களுக்கிடையே வெறும் எழுத்துகளை அனுப்பாமல் பண்புகளோடு கூடிய பொருள்களை அனுப்புவது. விண்டோஸ் நிர்வாகத்துக்கு அதை மிஞ்சியது இல்லை. விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு, தொடக்கக் குறி இல்லாத யுடிஎஃப்-8 ஸ்கிரிப்டைப் பழைய எழுத்துமுறை என்று எண்ணிப் படிக்கும். ஸ்கிரிப்டுக்குள் ‘ஆயர் ஈத்தாம்’ என்று எழுதியிருந்தால் ஓடும்போது அது குப்பை எழுத்துகளாக மாறி, கோப்புறை இல்லை என்று பதில் வரும். தனியாக நிறுவ வேண்டிய ஏழாம் பதிப்பில் இந்தக் கோளாறு இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், சொந்தக் கணினியில் தினமும் தட்டச்சு செய்ய, அதிலும் தமிழ்ப் பெயர்களோடு புழங்க, ஃபிஷ் முதலிடம் பெறுகிறது. மேக் வைத்திருப்பவர், அல்லது பாஷில் ஏற்கெனவே கை பழகியவர், இசட்-ஷெல்லிலேயே இருந்துவிடலாம். தொலைவிலுள்ள சேவையகங்களில் பெரும்பொழுது வேலை செய்பவருக்கு பாஷ்தான். அங்கே வேறு ஷெல் நிறுவ அனுமதி இருக்கும் என்று நம்ப முடியாது. பிறருக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்டுகளை எவரும் பாஷிலோ பொது ஷெல்லிலோ எழுதுவதே முறை.

மாற்றுவதற்கு ‘சி-எச்-எஸ்-எச்’ என்ற கட்டளை இருக்கிறது. புதிய ஷெல்லின் முழுப் பாதை, கணினியில் அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியல் கோப்பில் இடம்பெற்றிருக்க வேண்டும். நிர்வாகிக் கணக்கின் ஷெல்லை மட்டும் மாற்றாமல் விடுவது வழக்கம். கணினி பழுதாகிக் குறைந்தபட்ச நிலையில் தொடங்கும்போது, பிறகு நிறுவிய ஷெல் கிடைக்காமல் போகலாம். ஷெல்லின் நிரலை அகற்றிவிட்டால் கணக்குக்குள் நுழையவே முடியாத நிலையும் வரும். அந்த அபாயம் வேண்டாம் என்பவர் கணக்கின் ஷெல்லைத் தொடாமல், டெர்மினல் நிரலின் அமைப்புகளில் ‘திறக்கும்போது ஓட்ட வேண்டிய கட்டளை’ என்ற இடத்தில் ஃபிஷ் என்று மட்டும் எழுதிவிட்டு, பிடிக்காவிட்டால் அந்த ஒரு சொல்லை அழித்துவிடலாம்.